ஆடி முடியட்டும் என்று வைத்திருந்த பணம்

ஒரு கம்பெனி பிழைக்குமா முழுகுமா என்பதை நான் வைக்கிற சாம்பாரைக் கொண்டு கணித்த ஆட்கள் இந்த மும்பையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் என் கூடப்பிறந்த அண்ணன். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கரண்டியால் நாலு சாத்து சாத்தாமல் விட்டதே பெரிய காரியம்.

தாராவியில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டு டப்பா போடுகிறோம். நான் சமைப்பேன், அவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். வெகுகாலம் எங்கள் டப்பா எல்லாம் நம் ஆட்களுக்குத்தான் போனது. தையல் கார்கானா, தோல் கார்கானா மாதிரி பட்டறைகள், ஆண்டாப் ஹில்லில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம் ஊர்ப் பையன்கள். ஒரு குளிர்காலத்தில் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கட்டிடத்தில் இருந்த ஓர் ஆபீஸ் எங்களுக்கு வாடிக்கையாகக் கிடைத்தது. சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், அப்பளம். சுத்த சைவம். ஆபீசில் எல்லாரும் வாங்கவில்லை, பாதிப் பேர் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு நாங்கள்.

மின்சாரம் வாங்கி விற்கிற கம்பெனி அது. அவர்களுக்கென்று ஒரு கம்பமும் கிடையாது, ஒரு கம்பியும் கிடையாது. ஒருவன் உற்பத்தி செய்வதை விலைபேசி வாங்கி இன்னொருவனுக்குக் கைமாற்றி விடுவார்கள். மார்க்கெட் தரகு மாதிரிதான் என்று வீட்டுக்காரர் விளக்கினார். வெங்காயத்தைச் சாக்கில் கட்டி வைக்கலாம், கரண்டை எதில் கட்டி வைப்பார்கள் என்று கேட்டேன்.

"அதாம்ட்டி அவனுக்கும் பிரச்சனை. கட்டி வைக்க முடியாதுல்லா" என்றார்.

பிரச்சினை நிஜமாகவே இருந்தது. வருடக்கணக்கில் வாங்குகிறோம் என்று எழுதிக்கொடுத்த விலை உயரத்தில் நின்றது, விற்கிற விலை கீழே இறங்கிவிட்டது. பேங்க் கடன் நெருக்குகிறது, கணக்குப் பார்த்த ஆடிட்டர் பாதியில் விலகிவிட்டார் என்றெல்லாம் பேப்பரில் வந்தது. உச்சத்தில் இருந்த அந்தக் கம்பெனி ஷேர் விழுந்து விழுந்து அரை கிளாஸ் கட்டிங் சாயா விலைக்கு வந்து நின்றது. இதெல்லாம் எனக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் ரசத்தில் மிளகு குறைவாகக் கேட்பார்கள் என்பதுதான்.

அண்ணன் எங்கள் சந்திலேயே ஸ்கூல் பை தைக்கிற கார்கானா வைத்திருக்கிறான். நாலு மிஷின். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குப் பிறகு மாட்டுங்கா கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பை தைப்பான். ஆடியில் கல்யாணம் இல்லை, பையும் இல்லை. அந்த ஒரு மாதம் மிஷின்கள் தூங்கும், அண்ணனுக்கு மட்டும் மூளை விழித்துக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

அண்ணன் பெண்டாட்டி, என் மைனியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்தக் கதையே அவளுடைய முட்டுவலியில்தான் இருக்கிறது. எங்கள் சந்தில் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. சந்து முடிவில் பொது சண்டாஸ் இருக்கிறது. காலையில் பொம்பளைகள் வரிசை ரேஷன் கடை வரிசையைத் தோற்கடிக்கும். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு: பக்கெட்டை வைத்துவிட்டுப் போய் வீட்டில் உட்கார முடியாது, ஆள் நிற்க வேண்டும். யாரோ ஒருத்தி என்றைக்கோ பக்கெட்டை வைத்து இடம் பிடித்து அது மண்டை உடைகிற சண்டையாகி, அதற்குப் பிறகு வந்த சட்டம். மைனிக்கு இரண்டு முட்டும் போய்விட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் ஆனால் தண்ணீர் குடிக்க மாட்டாள். காலையில் அந்த வரிசையில் நின்று வந்த பிறகுதான் ஒரு வாய் டீ. மழைக்காலத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

அதனால் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். உள்ளேயே பாத்ரூம் இருக்கிற ஒரு வீடு. மும்பையைத் தாண்டி கல்யாண் ஊர்ப் பக்கம் ஒரு ரூம், ஒரு கிச்சன். வருடக்கணக்காகச் சேர்த்து, ஒருவழியாக அட்வான்சுக்குப் பணம் தேறியது. உல்லாஸ்நகர் ஏஜெண்ட் ஒருவர், சிந்திக்காரர், மூன்றாவது மாடியில் ஒரு வீட்டைக் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். மைனி ஹாலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராகப் போய் பாத்ரூம் கதவைத் திறந்தாள். சங்கிலி மாதிரி எதுவும் இல்லை, சுவரில் ஒரு பித்தான். அதை அழுத்தினாள், தண்ணீர் போனது. மறுபடி அழுத்தினாள். பிறகு மூடியை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, நான் இங்கனயே இருந்துரட்டா?" என்றாள். ஏஜெண்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

பணம் கையில் இருக்கிறது, வீடு பிடித்திருக்கிறது, அப்புறம் என்ன, கொடுத்துவிட வேண்டியதுதானே? முடியாது. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்களா? மைனியே மாட்டேன் என்றாள். எங்கள் வீட்டில் ஆடி என்றால் ஒரு குண்டூசிகூடப் புதிதாக வாங்க யோசிப்பார்கள். ஆடி என்றால் என்ன என்று ஏஜெண்ட் தலையைச் சொறிந்தார். கடைசியில், ஆவணி முதல் முகூர்த்தத்தில் தருகிறோம் என்று பேசி முடித்தோம்.

அந்த ஒரு மாதம் அந்தப் பணம் பேங்கில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற பணத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும்.

தாம்பூலப் பை விஷயமாகப் பழக்கமான ஒரு மாமா மாட்டுங்காவில் இருந்தார். பெரிய ஆபீசில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்து பெஞ்சில் அவரும் அவர் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்து ஷேர் பேசுவார்கள். நான் அதற்கு 'கமிட்டி' என்று பெயர் வைத்திருந்தேன். வேலையில்லாத ஆடியில் அண்ணனும் கமிட்டியில் போய்ச் சேர்ந்தான். அங்கேதான் இந்த மின்சாரக் கம்பெனிப் பேச்சு. ஒருவர் திவால் என்பார். ஒருவர், இல்லை, பெரிய இடத்து ஆள் வாங்கப்போகிறான், விலை பத்து மடங்கு போகும் என்பார். ஆடிட்டர் விலகியது கெட்ட சகுனம் என்று ஒருவர் சொன்னால், கறாரான புது ஆடிட்டர் வரப்போகிறார், நல்ல சகுனம் என்று இன்னொருவர். எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் அண்ணன் வாயைக் கொடுத்திருக்கிறான். "எந் தங்கச்சிதான் அந்த ஆபீசுக்குச் சாப்பாடு போடுதா."

கமிட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு முதல் தினமும் மத்தியானம் அடுப்படி வாசலில் அண்ணன் வந்து நிற்பான்.

"ஏட்டி, இன்னைக்கு எத்தன டப்பா?"

"எதுக்குக் கேக்க? நீ வந்து பாத்திரம் கழுவப் போறியா?"

"சும்மா சொல்லேன்."

சொல்வேன். என்ன குடி முழுகப் போகிறது என்றுதான் சொன்னேன். கொஞ்சம் ஷேர் வாங்கியிருக்கிறேன் என்று அவனே ஒருநாள் சொன்னான். கைச்செலவுக் காசில் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு வம்புக்கு இழுத்தேன்.

"வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க ஆடி ஆகாது. முழுகப்போற கம்பெனி ஷேர் வாங்க மட்டும் ஆடி ஆகுமோ?"

"வீடு சுபகாரியம். இது யாவாரம்லா" என்றான். பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டி, "எல்லாக் கடையிலயும் ஆடித் தள்ளுபடி போட்டிருக்கான். இவனும் போட்டிருக்கான்னு வச்சுக்கோ" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனிடம் அதுதான் கஷ்டம், கோபப்பட விட மாட்டான்.

ஆடி அமாவாசை வந்தது. அப்பா அம்மாவுக்குப் படைக்க வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் டப்பாவுக்கு லீவு விட்டேன். காலையில் வாழைக்காய் வாங்கப் போனபோது மெயின் ரோட்டு மட்டன் கடையில் அத்தனை கூட்டம். அமாவாசையும் அதுவுமாக இத்தனை பேர் கறி வாங்குகிறார்களே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்துவிட்டேன். நின்று யோசிக்கவில்லை.

மறுநாள் மின்சாரக் கம்பெனியிலிருந்து போன். டப்பா கூடுதலாக வேண்டும். கொஞ்சநஞ்சம் இல்லை, ஏறக்குறைய இரண்டு பங்கு. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் பெரிய சாம்பார் சட்டிக்கு மாறினேன். என் கைமணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பரவிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. குழந்தை மாதிரி ஆகிவிட்டான். அன்று சாயங்காலம் நானும் மாட்டுங்காவில் பூ வாங்க வேண்டியிருந்ததால் அவனோடு தோட்டம் வரை போனேன். மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேளுங்கோ. கஷ்டத்துல இருக்கற கம்பெனி ஆள் சேத்துண்டிருக்கான்னா என்ன அர்த்தம்? வாங்கறவன் ரெடி. டீல் முடிஞ்சாச்சு. நமக்குத்தான் சொல்லலை. அமாவாசை கழிஞ்சுது, இனிமே வளர்பிறைதான்."

கமிட்டி மொத்தமும் தலையாட்டியது. படித்தவர்கள், நல்லவர்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாரும் அவரவர் பணத்தையும்தான் போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு அவர்கள் மேல் வெறுப்பு வரவில்லை. ஷேரும் நிஜமாகவே ஏறத் தொடங்கியது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக. அண்ணன் கார்கானாவில் பாட்டுக் கேட்டது.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தன்று மைனி குளித்து, பட்டுப்புடவை கட்டி, வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். அண்ணன் மட்டும் வேர்க்க விறுவிறுக்க என் அடுப்படிக்கு வந்தான்.

"ஏட்டி, ஏஜெண்ட் ஊர்ல இல்லன்னு ஒங்க மைனிகிட்ட சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் ஒளறிராத."

"ஏன், எங்க போய்ட்டாரு?"

அடுப்பில் கொதிக்கிற சாம்பாரையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணே. அட்வான்ஸ் பணத்தையா போட்ட?"

தலையைக் குனிந்துகொண்டான். "பாதிதான் மொதல்ல போட்டேன். டப்பா கூடிருச்சுன்னதும் மீதியும்."

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மனுசி சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, அது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னான்.

"மூணாவது மாடிட்டி. லிப்ட் கெடையாது. அவ முட்ட வச்சிக்கிட்டு தெனமும் எப்படி ஏறி எறங்குவா? அதே பில்டிங்ல தரைத்தளத்துல ஒரு வீடு இருக்கு. அது கொஞ்சம் கூட. அந்தக் கூடுதலுக்குத்தான் பாத்தேன். இன்னும் கொஞ்சம் ஏறுனா வித்துருவேன்."

என் கோபம் அப்படியே பாதியில் நின்றுவிட்டது. இவன் தனக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்க மாட்டான். எதற்காகப் போட்டான் என்று தெரிந்த பிறகு எப்படித் திட்டுவது? இன்றைக்கே விற்றுவிடு என்றேன். கணபதி பண்டிகை போகட்டும், அதுவரை மாமா பொறுக்கச் சொல்கிறார் என்றான். கணபதி போன மறுநாள் மைனியிடம் நீயாகச் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன் என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன். மைனி பட்டுப்புடவையை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நானும் மாறிப்போனேன். காலையில் டப்பா ஆர்டர் வரும்போது மனசு அடித்துக்கொள்ளும். கூடுதலாகவே இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டினேன். அப்பளம் ஒன்று அதிகமாக வைத்தேன், அதனால் கம்பெனி பிழைத்துவிடும் என்பதுபோல. சாயங்காலம் ஆற்றுப்பக்கம் போனால் அந்தக் கட்டிடத்தில் எந்தெந்த மாடியில் விளக்கு எரிகிறது என்று அண்ணாந்து பார்ப்பேன். கரண்டு விற்கிறவன் ஆபீசில் விளக்கு எரியாமலா இருக்கும்?

கணபதியைக் கடலில் கரைத்த மறுநாள் காலை அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிற மராட்டிக்காரப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. எப்போதும் இந்தியில்தான் பேசுவாள். இன்றையிலிருந்து பாதி டப்பா போதும் அக்கா என்றாள். ஆட்களை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இல்லக்கா. ஷ்ராவண் முடிஞ்சுது, கணபதியும் போயாச்சு. இத்தனை நாள் எல்லாரும் விரதம், வீட்டில கறி மீன் இல்லை, அதனால உங்க சாப்பாடு. இனிமே அவங்கவங்க மீன் டப்பா கொண்டு வந்துருவாங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். மராட்டிக்காரர்கள் ஷ்ராவண மாதம் முழுக்கக் கறி தொட மாட்டார்கள் என்பதும், அது பிறக்கிறதுக்கு முந்தின அமாவாசையில் ஆசை தீரத் தின்றுவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? மட்டன் கடைக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவளும் நான்தான். ஆனால் அது எங்களுக்கு ஆடி. நாங்கள் எங்கள் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தோம், அவர்கள் அவர்கள் மாதத்தை. நம் ஆட்களுக்கு மட்டுமே டப்பா போட்டுப் பழகிய எனக்கு இது உறைக்கவே இல்லை. கம்பெனியில் புதிதாக ஒரு ஆள்கூடச் சேரவில்லை. இருந்தவர்கள் மீனை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓடினேன். அண்ணன் கார்கானாவில் ஜிப் தைத்துக்கொண்டிருந்தான். சொன்னதும் எழுந்து நின்றான். போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். மாமா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அப்படியே இருந்தாலும், டப்பா கொறஞ்சுதுன்னா செலவு கொறச்சுண்டிருக்கான்னும் எடுத்துக்கலாமோன்னோ? வாங்கறவன் அதைத்தானே பாப்பான்? அவசரப்படாதீங்கோ."

கூடினாலும் நல்லது, குறைந்தாலும் நல்லது. எனக்கு எரிச்சலில் சிரிப்புத்தான் வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையைக் கைவிட அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் பார்க்கிறேன், அது முடிந்ததும் அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றான்.

அந்த இரண்டு நாள் முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. பேங்குகள் கோர்ட்டுக்குப் போய்விட்டன, வாங்க வந்ததாகச் சொன்ன பெரிய ஆள் அப்படி ஒரு பேச்சே இல்லை என்று மறுத்துவிட்டான். காலையில் மார்க்கெட் திறந்ததும் அண்ணன் விற்கப் போட்டான். வாங்க ஆள் இல்லை. எல்லாரும் விற்கிறார்கள், ஒருத்தரும் வாங்கவில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். கட்டை விரலால் போனைத் தேய்த்துத் தேய்த்து அவன் உட்கார்ந்திருந்தான். கடைசியில் அந்த ஷேர் கைமாறுவதையே நிறுத்திவைத்துவிட்டார்கள். மாமாவுக்கும் பெரிய அடி என்று பிறகு தெரிந்தது. அவர் தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆபீஸ் மட்டும் திறந்தே இருந்தது. மீன் கொண்டுவராத சிலருக்கு இன்னமும் என் சாம்பார் போய்க்கொண்டிருந்தது.

சொன்ன சொல்படி அண்ணனே மைனியிடம் சொன்னான். என்னையும் கூட இருக்கச் சொன்னான். மைனி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தைத்த பைகளில் தொங்குகிற நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். டப்பா, மாமா, ஷேர், எல்லாம். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"எல்லாமா போச்சு?"

"எல்லாம். தரைத்தளத்துல எடுத்துரலாம்னுதான் பாத்தேன். நீ மாடி ஏற வேண்டாமேன்னு."

மைனி அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் உக்காந்து உக்காந்து ஏறியிருப்பேனே. ஒரு தடவை ஏறிட்டா அப்புறம் எதுக்கு எறங்கப் போறேன்? எல்லாம் உள்ளயே இருக்கும்லா" என்றாள். கத்தரியை எடுத்து மறுபடி நூலை வெட்டத் தொடங்கினாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை பக்கெட்டை எடுத்துக்கொண்டு சந்து முடிவுக்குப் போகிறேன், பொம்பளைகள் வரிசையில் ஒரே கூச்சல். என்ன என்று பார்த்தால், நடுவில் அண்ணன் நிற்கிறான். கையில் மைனியின் பச்சைப் பக்கெட்.

"யோவ், ஆம்பளைக்கு அந்தப் பக்கம்" என்கிறாள் ஒருத்தி. "வெக்கமா இல்ல?" என்கிறாள் இன்னொருத்தி. இந்தியிலும் மராட்டியிலும் வேறு விழுகிறது. அண்ணன் முகம் சிவந்துபோயிருந்தது. ஆனால் நகரவில்லை.

"எம் பொண்டாட்டிக்கு முட்டு முடியல. பக்கெட்ட வைக்கக் கூடாது, ஆள்தான் நிக்கணும்னு நீங்கதான சொல்லுதிய. நான் நிக்கேன். பக்கத்துல வந்ததும் அவளக் கூப்பிட்டுட்டு நான் போயிருதேன்."

கூச்சல் கொஞ்சம் அடங்கியது. சட்டத்தில் ஆள் என்றுதான் இருந்தது, பொம்பளை என்று இல்லை. முன்னால் நின்ற ஒரு கிழவி, "நிக்கட்டும் விடு. நமக்கு நிக்க ஒருத்தன் வந்தானா?" என்றாள். வரிசை நகர்ந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பக்கெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு கதவு உடைந்து கிடந்ததால் அன்றைக்கு வரிசை ஊர்ந்தது. முறை வரப்போகும் நேரத்தில் எனக்குச் சைகை காட்டினான். நான்தான் போய் மைனியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். அவன் நிற்பதைப் பார்த்து மைனி சந்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். நான்தான் மெல்ல இழுத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம் டப்பாக்கள் எல்லாம் போன பிறகு அண்ணன் அடுப்படிக்கு வந்தான். எத்தனை டப்பா என்று கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டான்.

"ஏட்டி, தெனமும் இவ்வளவு நேரமா நிக்கா? எனக்கே கால் விட்டுப்போச்சு. இத்தன வருசத்துல ஒரு நாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

நான் கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தேன்.

"சொன்னாவளே அண்ணே. கல்யாண்ல வீடு பாருங்க, கல்யாண்ல வீடு பாருங்கன்னு வருசக்கணக்காச் சொன்னாவளே. அவிய வேற என்னத்தச் சொன்னாவன்னு நெனச்ச?"

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அப்பா போனபோதுகூட அழாதவன், என் அடுப்படி வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை நல்ல மழை. நான் பக்கெட்டோடு போனபோது, எனக்கு முன்பே வந்து குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தான்.